கடைசிப் பக்கத்திலிருந்து படிச்ச கப்பல் கதை

நம்ம பள்ளிக்கூட செட்டுல யாருக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துடுச்சுன்னு கேட்டா பாதிப் பேரு கையத் தூக்குவீங்க, மீதிப் பேரு பொய் சொல்லுவீங்க. எனக்கு வந்து ஆறு மாசமாவுது. நாப்பது வாசல்லயே நிக்குது, வேற என்ன பண்றது.

போன வாரம் அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எம் பொண்ணு பக்கத்துல போயி உக்காந்தேன். கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு ஒரு பொம்மைப் புஸ்தகம் படிச்சிக்கிட்டிருந்துச்சு. ஜப்பான்காரன் வரைஞ்ச கடல் கொள்ளைக்காரங்க கதை. புஸ்தகத்துலயும் அதான், செல்லுலயும் அதான், சாப்பிடறப்ப வாயிலயும் அதான். இது எத்தினி வருசமாடி ஓடுதுன்னு கேட்டேன். அது பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சதாம். இன்னும் முடியலையாம். அந்தப் பசங்க இன்னமும் பொதையலைத் தேடிக்கிட்டுக் கடல்லயேதான் சுத்திக்கிட்டிருக்காங்களாம். கேட்டதும் எனக்கு என்னமோ ஒரு நிம்மதி. நமக்குத்தான் வயசாவுது, அவங்களுக்கு ஆவலை.

அப்புறம் அது பக்கத்தைப் புரட்டுச்சு பாருங்க, வலது கைப் பக்கத்துலருந்து. நம்ம புஸ்தகத்துக்குப் பின்னட்டை எங்க இருக்குமோ அங்க இதுக்கு முன்னட்டை. இப்படித்தாம்மா படிக்கணும், ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லுச்சு. தெரியும்டின்னேன். எப்படித் தெரியும்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு மழைக்காலம் பூரா இருக்கு. அதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

அப்ப நான் எட்டாவது. புதுச்சேரி சாரத்துல ரெண்டு ரூம் வீடு எங்களுது. அப்பா வேலை செஞ்ச மில்லை மூடினதுக்கு அப்புறம் தட்டாஞ்சாவடியில ஒரு பிளாஸ்டிக் பட்டறைக்குப் போயிட்டிருந்தாரு. மில்லுல அவருக்குத் துணி மடிக்கிற வேலை. அந்தக் கை அப்படியே நின்னுடுச்சு. வீட்டுல ஒரு துண்டை மடிச்சு வெச்சாக்கூட நாலு மூலையும் ஒண்ணு மேல ஒண்ணு இம்மி பிசகாம உக்காரும். அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவோட ஒரே தங்கச்சி.

அத்தைக்குக் கல்யாணமாயி நாலு வருசம். மாப்பிள்ளை பிரெஞ்சு நாஷனாலிட்டி. அவரு தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துலருந்து பென்ஷன் வாங்கினவரு. நம்ம ஊர்ல அது ஒண்ணு போதுமே, வேற எதையும் விசாரிக்க மாட்டாங்க. மாமா ஃபிரான்ஸ்லருந்து வந்தாரு, தாலி கட்டினாரு, இருபது நாள் இருந்தாரு, போயிட்டாரு. போயி பேப்பர் அனுப்பறேன்னு சொன்னாரு. பேப்பர்னா அங்க கூப்பிட்டுக்கறதுக்கான பேப்பர். அந்த ஒரு பேப்பருக்குத்தான் நாலு வருசமா அத்தை காத்துக்கிட்டிருந்துச்சு. எங்க தெருவுல யாரும் பேப்பர் வந்துச்சாம்மான்னு கேக்காம அதைத் தாண்டிப் போனது கிடையாது.

நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனியில மாத்திரை அட்டை பேக்கிங் பண்ற வேலைக்குப் போயிட்டிருந்துச்சு அத்தை. வேலையை நிரந்தரம் பண்றோம்னு அவங்க ரெண்டு தடவை கேட்டப்பவும் வேணான்னுடுச்சு. எந்த மாசம் பேப்பர் வருமோ, எதுக்குன்னு. புதுச் செருப்பு வாங்கணும்னாக்கூட அங்க போயி வாங்கிக்கலாம்னு சொல்லும். வாரத்துல ரெண்டு சாயங்காலம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவுல ஒரு மதாம் வீட்டுக்குப் போயி பிரெஞ்சு கத்துக்கிட்டிருந்துச்சு. ஃபிரான்ஸுக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணுங்க நாலஞ்சு பேரு அங்க வருவாங்க. ஒவ்வொருத்தியா பேப்பர் வந்து போயிடுவா, புதுசா ஒருத்தி வந்து உக்காருவா. அத்தைதான் அங்க ரொம்ப சீனியர்.

மாமா ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு லெட்டர் போடுவாரு. அத்தை பதில் எழுதறது அவரு வீட்டுக்கு இல்ல, அங்க இருக்கிற ஒரு மளிகைக் கடை விலாசத்துக்கு. வீட்டுக்கு வர்ற தபாலு தொலைஞ்சு போவுதுன்னு அவரு சொன்னதை நாங்க அப்படியே நம்பினோம்.

புரட்டாசி முடியற சமயம் மாமாகிட்டருந்து ஒரு பார்சல் வந்துச்சு. அத்தை வேலைக்குப் போயிருந்துச்சு, அன்னிக்கு அப்பா வீட்டுல இருந்தாரு. நான்தான் நச்சரிச்சுப் பிரிக்க வெச்சேன். அந்த வாசனை இருக்கே, ஐயோ, இப்ப நெனச்சாலும் மூக்குல ஏறுது. சோப்பு, சாக்லேட்டு, அட்டைப்பெட்டி, குளிரான எதோ ஒண்ணு, எல்லாம் கலந்த ஒரு வாசனை. செண்ட்டு பாட்டில் ஆடாம இருக்கறதுக்கு ஒரு பக்கம் துணியையும் இன்னொரு பக்கம் ஒரு புஸ்தகத்தையும் சொருகி வெச்சிருந்தாரு. குட்டியா தடியா இருந்துச்சு. அட்டையில ஒரு கப்பல், வாய் கொள்ளாச் சிரிப்போட ஒரு பொடியன் கேப்டன். உள்ள எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். நான் அதைப் புடுங்கி நெஞ்சோட வெச்சுக்கிட்டேன். சாக்லேட்டுகூட எனக்கு ரெண்டாம்பட்சமாப் போச்சு.

அப்பா என் கையிலருந்து வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தாரு. ஒரு இடத்துல ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் பிரவுன் பேப்பர் இருக்கான்னு கேட்டாரு. அம்மாவைக் கொஞ்சம் மைதா பசை காய்ச்சச் சொன்னாரு. இந்த மாதிரிப் படம் போட்ட அட்டை எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போயிடும்னு சொல்லிட்டு அவரே உக்காந்து அட்டை போட்டாரு. என் பள்ளிக்கூடப் புஸ்தகத்துக்கு ஒரு வருசமாவது அவரு அட்டை போட்டிருப்பாரா? கிடையாது. எனக்குப் பெருமை தாங்கல. ஒரு பக்கம் சும்மா மடிச்சு விட்டாரு. இன்னொரு பக்கம் மடிப்பை வெறும் தாளு மேல வெச்சு, நாலு ஓரமும் பசை தடவி, அட்டையும் தாளும் ஒண்ணா ஒட்டற மாதிரி அழுத்தினாரு. அவ்வளவு சுத்தமான வேலை. நான் மறுநாளே வகுப்புல காட்டி மினுக்கினேன்.

அத்தைக்கும் எனக்கும் அந்த ஐப்பசி பூரா அந்தப் புஸ்தகம்தான். உங்களுக்கு அந்த வருச மழை ஞாபகம் இருக்கா? தெருவுல முட்டி அளவு தண்ணி. பள்ளிக்கூடம் பாதி நாள் லீவு. துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தியிருக்காங்கன்னு ரேடியோவுல சொல்லும், எங்களுக்கு அது எதோ விசேஷம் மாதிரி இருக்கும். பகல் மூணு மணிக்கே அந்தி மாதிரி வெளிச்சம். ஜன்னல் ஓரத்துல கட்டிலை இழுத்துப் போட்டுக்கிட்டு, ஒரே போர்வையில ரெண்டு பேரும். அத்தை மடியில மதாம் குடுத்த தடி அகராதி. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆவும். அத்தை ஒவ்வொரு வார்த்தையா தேடிக் கண்டுபிடிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லும். வெளியில தவளை கத்தும். போர்வை லேசா ஈர நெடி அடிக்கும்.

நாங்க எல்லாப் புஸ்தகத்தையும் எப்படிப் படிப்பமோ அப்படித்தான் அதையும் படிச்சோம், இடது பக்கத்துலருந்து. எங்களுக்கு யாரு சொன்னது?

அப்படிப் படிக்கறப்ப என்ன ஆவும்னு நீங்க யோசிச்சுப் பாருங்க. எடுத்த எடுப்புல பெரிய சண்டை. கப்பல் ஒடைஞ்சு கெடக்கு, பாய்மரம் முறிஞ்சு கெடக்கு, எல்லார் ஒடம்புலயும் கட்டு. பக்கம் போவப் போவ காயம் எல்லாம் மறையுது. முறிஞ்ச மரம் எழுந்து நிக்குது. பீரங்கிக் குண்டு பறந்து வந்து பீரங்கி வாயிக்குள்ளயே போயிடுது. அழுதுக்கிட்டிருந்த ஒரு கெழவி கண்ணீர் எல்லாம் உள்ள போயி சிரிக்கறா. கேப்டன்கூட இருந்த நெட்டையன், கண்ணாடிக்காரி, அவங்க வளக்கற ஒரு வாத்து, ஒவ்வொருத்தரா அவனை விட்டுட்டு அவங்கவங்க ஊர்ல எறங்கிக்கறாங்க. கப்பல் போயி படகாவுது. கடைசியில அந்தப் பொடியன் மட்டும் தனியா ஒரு சின்னப் படகுல வர்றான், கரையில ஊரே நின்னு கை ஆட்டுது.

அது எவ்வளவு அழகான கதை தெரியுமா? கொள்ளைக்காரங்க எல்லாம் கொள்ளையடிச்சதைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்கு வர்ற கதை. அத்தை அந்தக் கரைப் படத்தையே பாத்துக்கிட்டிருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் வந்துடறான் பாருன்னு சொல்லும். மழை சத்தத்துல அதோட குரல் பாதி கேக்கும், பாதி கேக்காது. எனக்குக் கண்ணு சொருகும். முழிச்சுப் பாத்தா அத்தை அதே பக்கத்துலதான் இருக்கும்.

பேச்சுதான் கொஞ்சம் உதைச்சுச்சு. படத்துல ஒருத்தன் வயிறு ரொம்பிடுச்சுன்னு சொல்லுவான், அடுத்த கட்டத்துல இன்னொருத்தன் சாப்பிட்டியான்னு கேப்பான். மொதல்ல பதில், அப்புறம் கேள்வி. இது என்ன அத்தை இப்படிப் பேசிக்கறாங்கன்னு நான் கேட்டேன். அத்தை நல்லா யோசிச்சு, பிரெஞ்சுக்காரங்க மரியாதை அப்படிடீன்னுச்சு. அடுத்தவங்களைக் கேக்க வெச்சு சங்கடப்படுத்த மாட்டாங்களாம், அவங்களே முந்திக்கிட்டுச் சொல்லிடுவாங்களாம். நோட்டுல வேற எழுதி வெச்சுக்கிச்சு. நான் அதை நம்பி நம்ம வகுப்புல எல்லாருக்கும் சொல்லி வெச்சேன். உங்கள்ல ஒருத்தி ரெண்டு பேரு இன்னமும் நம்பிக்கிட்டிருந்தா என்னை மன்னிச்சுடுங்க.

அம்மாவுக்கு இது எதுவும் புடிக்கலை. படிக்கற புள்ளைக்குப் பொம்மைப் புஸ்தகம் எதுக்கு, அதுவும் கொள்ளைக்காரன் கதை, இவளும் கூட சேந்து கொழந்தையாட்டம் கெடக்காளேன்னு அடுப்படியிலருந்து மொணமொணப்பு. அப்பா அந்தப் புஸ்தகத்தைக் கண்டா வேற பக்கம் பாப்பாரு. அது அவருக்கும் புடிக்கலை போலன்னுதான் அப்ப நெனச்சேன்.

ஐப்பசி கடைசியில ஒரு நாள் மழை விட்டிருந்துச்சு. அத்தை என்னையும் மதாம் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. மதாம் எழுவது வயசு, தலை பஞ்சு, வாசல்லயே சேர் போட்டு உக்காந்திருப்பாங்க. அத்தை உள்ள நுழைஞ்சதும், அவங்க வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே, நான் நல்லா இருக்கேன், ரொம்ப நன்றின்னு பிரெஞ்சுல சொல்லுச்சு. மதாம் முழிச்சாங்க. நான் இன்னும் கேக்கவே இல்லையேம்மான்னாங்க. அத்தை பெருமையா நோட்டைக் காட்டி, பைக்குள்ளருந்து புஸ்தகத்தையும் எடுத்துக் குடுத்துச்சு.

மதாம் ரெண்டு பக்கம் புரட்டினாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, சேரே ஆடுச்சு. எங்க பேரப் பசங்க பாரிஸ்ல இதைத்தான் வெறியா படிக்கறாங்க, நீ கடைசிப் பக்கத்துலருந்து மொதப் பக்கத்துக்குப் போயிருக்கேன்னாங்க. ஜப்பான் புஸ்தகத்துக்கு அதான் வழக்கமாம், பிரெஞ்சுல போட்டாலும் அப்படியேதான் போடுவாங்களாம். அத்தையும் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். மதாம் புஸ்தகத்தைத் திருப்பி மொதல்லருந்து பாக்கறதுக்குத் தெறந்தாங்க. மொதல் தாளை எதுக்கு அட்டையோட ஒட்டி வெச்சிருக்கேன்னு கேட்டாங்க. அண்ணன் அட்டை போட்டப்ப ஒட்டிடுச்சு போலன்னு அத்தை சொல்லுச்சு.

திரும்பி வர்றப்ப அத்தை விடுவிடுன்னு முன்னாடி நடந்துச்சு. கால்வாய்ப் பாலத்துக்கிட்ட வந்தப்பதான் நின்னுச்சு.

"அப்ப அவன் ஊருக்குத் திரும்பி வரலைடி. கெளம்பிப் போறான்" அப்படின்னுச்சு.

எனக்கு அது பெரிசாப் படலை. படகு அதே படகு, கை ஆட்டறவங்க அதே ஆளுங்க. எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன். பதிமூணு வயசுல எனக்கு அவ்வளவுதான் அறிவு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை உலையைப் பாத்துச்சு. அம்மா அரிசி போட்டிருந்துச்சு, கொதிச்சு ஆவி வந்துக்கிட்டிருந்துச்சு. அத்தை புஸ்தகத்தைத் தெறந்து அந்த ஒட்டின ஓரத்தை ஆவியில காட்டுச்சு. மொதல் பக்கம் இல்லாம எப்படி படிக்கறதுன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டேதான் பண்ணுச்சு. மழைக்கு ஏற்கெனவே நமுத்த பசை, சுலபமா விட்டுக் குடுத்துச்சு. அத்தை நகத்தால மெதுவா நாலு ஓரத்தையும் பிரிச்சுச்சு. எங்க அப்பா ஒட்டினது, ஒரு இடத்துலகூடக் கிழியலை.

உள்ள வெறும் தாளு இல்ல. மேல நீல மசியில ரெண்டு வரி. அது யாரு எழுத்துன்னு எனக்கே தெரியும், அத்தை தலைகாணிக்கு அடியில இருக்கிற லெட்டர்ல எல்லாம் அதே சாஞ்ச எழுத்து. கீழ பென்சில்ல கோணல் மாணலா நெறைய வரி, ஒரு குட்டிக் கப்பல் படம்.

அத்தை அகராதியைத் தொடலை. அது கத்துக்கிட்ட பிரெஞ்சுல தேடாம, தடுமாறாம படிச்ச மொத எழுத்து அதான். வழக்கம்போல எனக்குத் தமிழ்ல சொல்லிக்கிட்டே சத்தமாவே படிச்சுச்சு. என் செல்லக் கேப்டனுக்கு, ஒம்போதாவது பொறந்தநாளுக்கு, அப்பா. அது மேல எழுதியிருந்தது. கீழ ஒரு பையன் பேரு. பின்னாடி மாமாவோட குடும்பப் பேரு. அப்புறம், இது என் புஸ்தகம், தொலைஞ்சு போயி யாருக்காவது கெடைச்சா தயவு செஞ்சு என் வீட்டுல கொண்டாந்து குடுங்கன்னு எழுதி, தெரு, கதவு எண், ஊரு எல்லாம்.

உலை பொங்கி அடுப்பு அணைஞ்சுச்சு. அம்மா ஓடி வந்து பாத்துட்டு, திட்ட வாயெடுத்தது, அத்தை மொகத்தைப் பாத்துட்டு நிறுத்திக்கிச்சு.

ராத்திரி மறுபடி புடிச்ச மழையில அப்பா நனைஞ்சுக்கிட்டு வந்தாரு. அத்தை புஸ்தகத்தை விரிச்சு அவரு முன்னாடி தரையில வெச்சுச்சு. அவரு குனிஞ்சு பாக்கவே இல்லை. அவருக்கு பிரெஞ்சு தெரியாதுதான். ஆனா நீல மசியில கையெழுத்து மாதிரி போட்டிருந்த பப்பாங்கிற வார்த்தை புதுச்சேரியில யாருக்குத் தெரியாது?

"ஒட்டினது நீதானண்ணே?"

"ஆமா."

"கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல?"

அப்பா துண்டை எடுத்துத் தலையைத் தொடைச்சாரு. தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

"பேப்பர் மட்டும் வந்துடட்டும்னு இருந்தேம்மா. நீ நேர்ல போயி நின்னுட்டா எல்லாம் வழிக்கு வந்துடும்னு நெனச்சேன். இங்க நீ இப்படியே ஒக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியலை."

"அந்தப் புள்ளைக்கு ஒம்போது வயசுண்ணே. எனக்குத் தாலி கட்டறப்ப அதுக்கு அஞ்சு."

நான் ஒரு மூலையில உக்காந்து ஒம்போதுல நாலைக் கழிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு.

எங்க அப்பா கெட்டவரு இல்லை. இப்ப யோசிச்சாத்தான் தெரியுது, அவரு அந்தத் தாளைக் கிழிக்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும். கிழிக்கலை. எதையும் கிழிச்சுப் பழக்கமில்லாத ஆளு, மடிச்சு மூடித்தான் பழக்கம். ஒரு மாசம் அதைத் தனியா மனசுல தூக்கிக்கிட்டு வேலைக்குப் போயிட்டு வந்திருக்காரு. ஆனா அவரு ஒட்டி மறைச்சது தங்கச்சியோட வாழ்க்கையை. அதை இன்னிக்கும் என்னால லேசா எடுத்துக்க முடியலை.

மூணு நாள் அத்தை வேலைக்குப் போவலை. சாப்பிட்டுச்சு, தூங்குச்சு, அழுவலை. நாலாம் நாள் காலையில எழுந்து என் பள்ளிக்கூட நோட்டுலருந்து ஒரு தாள் கிழிச்சுக் கேட்டுச்சு. உக்காந்து பிரெஞ்சுல எழுதுச்சு. மதாம்கிட்ட காட்டித் திருத்திக்கலாம்ல அத்தைன்னு சொன்னேன். தப்பு இருந்தா இருக்கட்டும்னுச்சு. என்ன எழுதினேன்னு கேட்டதுக்குச் சொல்லுச்சு. உன் புஸ்தகம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. பத்திரமா வெச்சிருந்தோம். நாங்க தெரியாம தலைகீழா படிச்சுட்டோம், அப்படியும் நல்லா இருந்துச்சு. இனிமே தொலைக்காதே. அவ்வளவுதான்.

புஸ்தகத்தை அனுப்பப் போறேன்னு அத்தை சொன்னதும் நான் அழுதேன். உண்மையைச் சொல்றேன், அத்தைக்காக அழுவலை, புஸ்தகத்துக்காக அழுதேன். மாமா நமக்குத்தானே குடுத்தாருன்னு சண்டை போட்டேன். அது மாமா புஸ்தகம் இல்லைடின்னு அத்தை சொல்லுச்சு. எவ்வளவு ஆசையா விலாசம் எல்லாம் எழுதி வெச்சிருக்கு, இந்தப் புள்ளை வீடு பூராத் தேடியிருக்கும்னுச்சு. அப்பதான் அது கண்ணுல தண்ணி வந்துச்சு.

அப்பா வேணாம்னாரு. கெஞ்சினாருன்னே சொல்லலாம். இதை அனுப்பினா அவன் பேப்பர் அனுப்பவே மாட்டான், நாலு வருசம் காத்திருந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்னாரு. அத்தை அவரைப் பாத்துச்சு. ஒனக்கே தெரியும்லண்ணேன்னு மட்டும் சொல்லுச்சு. அப்பா சட்டையை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டாரு.

எங்க அம்மா பண்ணினதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம். நாள் பூரா அந்தப் புஸ்தகத்தைக் கரிச்சுக் கொட்டின அம்மா, பொட்டியத் தெறந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு வெள்ளைத் தலைகாணி உறையை எடுத்து வெட்டுச்சு. அப்ப எல்லாம் வெளிநாட்டுப் பார்சல்னா வெள்ளைத் துணி வெச்சு தைக்கணும். பிரவுன் பேப்பரைப் பிரிச்சுப் போட்டுட்டு, அந்தக் கப்பல் அட்டையை முந்தானையால தொடைச்சு, லெட்டரை உள்ள வெச்சு, துணியைச் சுத்தி நெருக்கமாத் தையல் போட்டுச்சு. நூலைப் பல்லால கடிச்சுக்கிட்டே, நல்லா வழுவழுன்னு தாளு, நல்ல புஸ்தகம்தான்னு சொல்லுச்சு.

அதுக்கப்புறம் என்னாச்சுன்னு கேப்பீங்க. பேப்பர் வரலை. கடுதாசியும் வரலை. கோர்ட்டு, வக்கீலு, அலைச்சல் எல்லாம் பின்னாடி வருசக்கணக்கா நடந்துச்சு. அத்தை மேட்டுப்பாளையத்துலயே வேலையை நிரந்தரம் பண்ணிக்கிச்சு, இப்ப அங்க சூப்பர்வைசரு. கத்துக்கிட்ட பிரெஞ்சை மட்டும் விடலை. ஊரைச் சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரங்க வழி கேட்டா நின்னு பொறுமையா சொல்லும். கேட்டதுக்கு அப்புறம்தான் சொல்லும்.

அந்தப் பையனுக்கு இப்ப முப்பது தாண்டியிருக்கும். ஒரு புள்ளைக்குத் தாயானதுக்கு அப்புறம் அடிக்கடி அவனை நெனச்சுக்கறேன். அந்த வீட்டுல பார்சலை மொதல்ல யாரு பிரிச்சிருப்பாங்க, அன்னிக்கு ராத்திரி அங்க என்ன நடந்திருக்கும், அவன் கையில புஸ்தகம் போயி சேந்துச்சா, எதுவும் எனக்குத் தெரியாது. அத்தை பண்ணினது சரியான்னு கேட்டீங்கன்னா, அதுக்கும் முழுசா பதில் இல்லை. ஆனா அன்னிக்கு தபாலாபீஸ்ல அத்தைகூட நின்னது நான்தான். அதை மட்டும் சொல்லிடறேன்.

பெரிய தபாலாபீஸ். வெளியில பிசுபிசுன்னு தூறல். கவுண்டர்ல இருந்தவரு பார்சலை எடை போட்டுட்டு, உள்ள என்னம்மான்னு கேட்டாரு. சின்னப் புள்ளை புஸ்தகம்னு அத்தை சொல்லுச்சு. பேனாவைக் குடுத்து, துணி மேல பெறுநர் ஒரு பக்கம், அனுப்புநர் ஒரு பக்கம் எழுதச் சொன்னாரு. அத்தை பையன் பேரை எழுதுச்சு, அவன் பென்சில்ல எழுதியிருந்த விலாசத்தைப் பாத்து வெச்சிருந்ததை ஒரு எழுத்து விடாம எழுதுச்சு. அப்புறம் பார்சலைத் திருப்பிப் போட்டுச்சு.

மாத்திரைக் கம்பெனியிலயும் ரேஷன் கார்டுலயும் அத்தை பேரு தாத்தா இனிஷியலோடதான் இருக்கும். பிரெஞ்சுக்காரங்க வழக்கப்படி மதாம்னு, அதாவது திருமதின்னு போட்டு புருஷனோட குடும்பப் பேரைச் சேத்து எழுதறதை டியூஷன் நோட்டுல நூறு தடவை எழுதிப் பழகியிருக்கு, வெளியில ஒரு இடத்துலயும் எழுதினது இல்லை. அங்க போயி எழுதிக்கலாம்னு வெச்சிருந்துச்சு. அன்னிக்கு அந்தத் துணி மேல அதை எழுதுச்சு. பெரிய எழுத்துல, நிதானமா, மசி ஊறாம, ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு தடவை அழுத்தி எழுதுச்சு. கீழ சாரம், எங்க தெரு, எங்க வீட்டு நம்பர். பின்னாடி நின்னவங்க எல்லாம் உச்சுக் கொட்டினாங்க.

எழுதி முடிச்சுட்டு, கொஞ்சம் தள்ளிப் புடிச்சு எங்கிட்ட காட்டி, படிக்க முடியுதாடீன்னு கேட்டுச்சு.

முடியுது அத்தை, அந்தப் பையன் கஷ்டமில்லாமப் படிச்சுடுவான்னு சொன்னேன்.

"அவனுக்கு இந்தப் பக்கம் வேணாம்டி. அவனோட அம்மா படிக்கணும்."